மூத்தவளின் சக்கரக் கட்டைகள்

1.

போனில் அழித்த படம் உடனே அழிந்துவிடுவதில்லை. குப்பைக்கென்று உள்ளே ஒரு பெட்டி இருக்கிறது. சில வாரம் அதில் கிடந்துவிட்டுத்தான் போகும். இந்தக் கதை அந்தப் பெட்டியிலிருந்து வருகிறது. ஒரு பெரியவர் என்னிடம், “அழிச்சிடுங்க தம்பி” என்று கேட்டார். அவர் கண்ணெதிரே அழித்தேன். பெட்டி விஷயம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

படத்தில் ஆள் யாரும் இல்லை. பழைய லாரி ஒன்றின் முன் பம்பர். அதன் மேல், எண்ணெய் தடவி வெயிலில் வைத்த இரண்டு மரக்கட்டைகள். ஒவ்வொன்றும் செங்கல் அளவு. அவ்வளவுதான். இதை அழிக்கச் சொல்ல ஒரு மனிதருக்கு என்ன அவசியம் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் கதை நகராது. சொல்லிவிட்டால் அவர் கேட்டது வீணாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இடம் இருக்கிறதா என்று தேடித்தான் இதை எழுதுகிறேன். [இல்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் எழுதுகிறேன். இதையும் அடித்திருக்கலாம், அடிக்கவில்லை.]

2.

அவருடைய வெட்கத்துக்கு முன்னால் என்னுடைய சின்ன வெட்கத்தைத் தீர்த்துவிடுகிறேன். நான் லாரி பார்ப்பவன். வாங்குபவன் அல்ல, விற்பவன் அல்ல, ஓட்டவும் தெரியாது. எஞ்சின் முன்னால் மூக்குபோல நீண்டிருக்கும் பழைய கனரக வண்டிகள், நடுவில் கம்பி வைத்து இரண்டாகப் பிரிந்த கண்ணாடி கொண்டவை, எங்கே கண்காட்சிக்கு வருகின்றன, எங்கே ஏலத்துக்கு வருகின்றன என்று விசாரித்துப் போய், சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வீடு திரும்புவேன். சாப்பாடு போடுவது வேறு தொழில்: ஒரு வணிக வாரப் பத்திரிகையில் சிமென்ட் விலையும் இரும்பு விலையும் எழுதுகிறேன்.

என் மனைவி இதற்கு ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாள்.

“எங்க வீட்டுல யாராவது போன் பண்ணா மீட்டிங்ல இருக்கீங்கன்னு சொல்லிடுறேன். லாரி பாக்கப் போயிருக்காருன்னா, ‘வாங்கப் போறாரா, லோன் கெடச்சிடுச்சா’ன்னு ஆரம்பிச்சிடுவாங்க.”

“சும்மா வேடிக்கை பாக்கத்தான்னு சொல்லேன்.”

“அதைச் சொல்றதுக்கு நீங்க மீட்டிங்லயே இருங்க.”

என்னைப்போல இன்னும் பலர் இருக்கிறார்கள். வங்கி மேலாளர் உண்டு, கல்யாண வீடியோ எடுப்பவர் உண்டு, ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் உண்டு. அவருக்கு ஹாரன் சத்தத்தை வைத்தே வண்டி எந்தக் காலத்தது என்று தெரியும். எங்களுக்குள் ஒரு கேள்வி உண்டு. ஒரு வண்டியில் எதைப் பார்த்தாலும், ஒரு திருகாணியாக இருந்தாலும், கைப்பிடியாக இருந்தாலும் கேட்போம்: “இது வண்டியோட பொறந்ததா?” பிறந்தது என்றால் தொட்டுப் பார்ப்போம். பிறகு வந்தது என்றால் உதட்டைப் பிதுக்குவோம்.*

* இந்தப் பிதுக்கலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, எதையும் திருடவில்லை. நடந்த கேடெல்லாம் இந்த உதட்டிலிருந்து தொடங்கியது.

3.

தொடங்கிப் பார்த்தவை:

மலைப்பாதையின் கடைசி வளைவில் பிரேக் பிடிக்காமல் போன அந்த

[விட்டுவிட்டேன். அப்படி ஒன்று நடக்கவில்லை. நடந்திருந்தாலும் உதவாது. உயிர் போகிற ஆபத்து வந்தால் வெட்கம் பின்வாசல் வழியாகப் போய்விடும். எனக்கு வெட்கம் வேண்டும்.]

அவர் குள்ளமானவர். லாரி டிரைவர் என்றால் நம்

[இதையும் விட்டுவிட்டேன். அந்தச் சொல்லை எழுதியதும் கை நின்றது. ‘உயரம் குறைந்தவர்’ என்று மாற்றினேன். ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருந்தது. ‘கச்சிதமானவர்’ என்று போட்டேன்; அலமாரிக்குச் சொல்வது மாதிரி இருந்தது. கடைசியில் ஒன்று புரிந்தது: இதைச் சொல்லக் கூசுவது நான் அல்ல, அவர். அவருடைய கூச்சம் என் கைக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் குள்ளமானவர்தான். எழுதியாயிற்று.]

மகளிடமிருந்து தொடங்குகிறேன். அதுதான் நிற்கிறது.

மகள் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறாள். அம்மாவைப்போல உயரம். அந்தத் தெருவில் அவளை ‘ஸ்ப்ரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய அப்பா ஒரே லாரியை முப்பது வருடம் ஓட்டியவர். லாரி அவருடையதல்ல, ஒரு முதலாளியுடையது. ஆனாலும் வீட்டில் அந்த லாரிக்குப் பெயர் ‘மூத்தவ’. இவள் பிறக்கும் முன்பே வந்தவள் என்பதால். இவள் ‘சின்னவ’. அப்பா வீட்டுக்கு வராத நாளெல்லாம், “மூத்தவ வீட்டுல இருக்காரு” என்று அம்மா சொல்வாள். சின்னவளுக்குப் பொறாமையாக இருக்கும்.

அப்பா காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரத்தில் முதலாளி லாரியை விற்றுவிட்டார். சாமான்களை எடுத்துக்கொள்ளக்கூட நேரம் கொடுக்கவில்லை. பல காலம் கழித்து, கல்லுடைக்கும் இடம் ஒன்றின் மூலையில் மகள் அதைக் கண்டுபிடித்தாள். மேலே கொடி படர்ந்திருந்தது. வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் கொட்டி, பிறந்த நிலைக்குக் கொண்டுவந்தாள். பிறந்த நிலை என்றால் எங்கள் அர்த்தத்தில்.

சீட்டுக்கு அடியில் இருந்த கருவிப்பெட்டியில் ஒரு ஜாக்கி, ஒரு கம்பி, இரண்டு மரக்கட்டைகள் கிடைத்தன. கட்டை ஆப்பு வடிவில் ஒருபக்கம் சரிந்திருந்தது. சரிவில் பள்ளமாக ஒரு தேய்வு. சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டை என்று மகள் முடிவு செய்தாள்.

நானாக இருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன்.

4.

கண்காட்சி நடந்தது கைவிடப்பட்ட சரக்கு ரயில் முற்றத்தில். மழைத்தண்ணீர் ஓட வேண்டும் என்று அந்தக் காலத்தில் தரையை லேசான சரிவாகப் போட்டிருந்தார்கள். அதனால் நிற்கும் எல்லா வண்டிக்கும் கட்டை வைத்தாக வேண்டும் என்று விதி. மூத்தவளுக்குக் கைபிரேக் வேறு இழுத்தால் பிடிக்காது. பழைய பாகம் கிடைக்கவில்லை. புதியதைப் போட மகளுக்கு மனமில்லை.

நான் போனபோது கட்டைகள் பம்பரின் மேல் காய்ந்துகொண்டிருந்தன. படம் எடுத்தேன். மகள் துணியால் கை துடைத்துக்கொண்டே வந்தாள்.

“பாத்தீங்களாண்ணா? டயர் வளைவுக்கு ஏத்த மாதிரி கட்டையைக்கூட செதுக்கியிருக்காங்க. அந்தக் காலத்து வேலை.”

“வண்டியோட பொறந்ததா?”

“சந்தேகமே வேணாம். சீட்டுக்கு அடியில பெட்டிக்குள்ளயே இருந்துச்சு. இத விடுங்க, உள்ள ஏறி பெடலப் பாருங்க. இத்தனை வருஷம் ஓடியும் கிளட்ச் ரப்பர் தேயவே இல்ல. பிரேக் ரப்பரும் அப்படியே இருக்கு. எங்கப்பா கால் அவ்வளவு மெதுவு!”

ஏறிப் பார்த்தேன். உண்மைதான். ரப்பரில் வரிகள் புதிதாக இருந்தன. நான் உதட்டைப் பிதுக்கவில்லை, தலையை ஆட்டினேன். முப்பது வருடம் மிதித்தும் தேயாத பெடல். ஒரு மனிதனின் கால் எத்தனை நாசூக்கானது என்று மனதுக்குள் ஒரு வரிகூட எழுதிக்கொண்டேன். [அந்த வரியை இங்கே போடவில்லை. போட்டால் இன்று என்னால் கண்ணாடி பார்க்க முடியாது.]

அப்பா வண்டியின் நிழலில், நாற்காலியில் இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கால்கள் தரையைத் தொடவில்லை. ஒன்றின் மேல் ஒன்று போட்டு அதை மறைத்திருந்தார். மகள் கட்டைகளைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னங்கய்யா, பொண்ணு சொல்றது சரிதானா?” என்றேன்.

“அதுக்கு எல்லாம் தெரியும்” என்றார்.

எங்கள் கண்காட்சியில் ஒரு வழக்கம் உண்டு. ‘பழைய கை’ என்று பெயர். வண்டியை முதலில் ஓட்டியவர் உயிரோடு இருந்தால், இன்றைய சொந்தக்காரர் எல்லோர் முன்னாலும் சாவியை அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் வண்டியை எடுத்து மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்துவார். கிழவர்கள் அழுவார்கள். நாங்கள் கை தட்டுவோம். அதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

“அப்பா, நம்ம முறை” என்று மகள் வந்தாள்.

“முட்டி வலிக்குதும்மா.”

“காலைல நல்லாத்தானே நடந்தீங்க?”

“கண்ணு கூசுது.”

“கண்ணக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன்னு என் கல்யாணத்துல எல்லார்கிட்டயும் சொன்னீங்களே, இப்ப ஓட்டுங்க.”

மைக் பிடித்திருந்தவர் விடவில்லை. “முப்பது வருஷம் மூத்தவளோட குடும்பம் நடத்துன மாப்பிள்ளை வெட்கப்படுறாரு! ஒரு கை தட்டி கூப்பிடுங்க!”

கை தட்டினோம். அவர் எழுந்தார்.

ஏறியது அழகாக இருந்தது. எந்தக் கைப்பிடி, எந்தப் படி என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. உட்கார்ந்தார். எஞ்சின் முதல் முயற்சியிலேயே எழுந்தது. மகள் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, தலையை மட்டும் நிமிர்த்திக் கத்தினாள்:

“அப்பா, கட்டைய எடுக்கவா?”

அவர் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தார். பிறகு கட்டையைப் பார்த்தார். இந்த இடத்தை எத்தனையோ முறை எழுதிப் பார்த்துவிட்டேன். ஒரு வார்த்தை போதும். ‘எடு, எடுத்து மேல குடு.’ அவர் சொன்னது:

“வேணாம். இருக்கட்டும்.”

அந்த வண்டியில் ஒரு கியர் மாற்ற கிளட்சை இரண்டு முறை அடிவரை மிதிக்க வேண்டும். பழைய கியர் பெட்டிகள் அப்படித்தான். அவர் மிதிக்க வேண்டுமானால் சீட்டிலிருந்து வழுக்கிக் கீழே இறங்க வேண்டும். இறங்கினார். ஸ்டியரிங்குக்கு மேலே இருந்த தலை ஸ்டியரிங்குக்குக் கீழே போனது. பிறகு காணாமலே போனது.

“டிரைவர் இல்லாம ஓடுற லாரிடா!” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

சிரித்தார்கள். சிரித்தோம். கியர் பெட்டி பல்லைக் கடித்துக்கொண்டு அலறியது. வண்டி ஒரு துள்ளு துள்ளி, கட்டையில் முட்டி, அணைந்தது. இன்னொரு முறை. மறுபடியும் அலறல், மறுபடியும் அணைந்தது.

அவர் இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மைக் பிடித்திருந்தவர் மைக்கை நீட்டினார், நீட்டாமல் இருந்திருக்கலாம்.

“கியர் மறந்துபோச்சு” என்றார் அவர்.

5.

[மகளைச் சந்தேகிக்கும் பகுதி. இது இல்லாமல் கதை ஓடும். இருந்தாலும் இருக்கட்டும்.]

முதல் பிரதியில் மகளைக் கொஞ்சம் கெட்டவளாக எழுதியிருந்தேன். அப்பாவை மேடையேற்றிப் பெருமை தேடுகிறவள் என்று. எழுதி முடித்ததும் வேலை சுலபமாகிவிட்டது. அதனாலேயே சந்தேகம் வந்தது. அவள் அப்படி இல்லை. அவள் செய்த தவறு எங்கள் கூட்டம் முழுக்கச் செய்யும் தவறு. வண்டியில் இருப்பதெல்லாம் வண்டியுடையது என்று நினைத்தாள். அதில் ஏதோ ஒன்று ஆளுடையதாக இருக்கலாம் என்று தோன்றவில்லை. தேயாத பெடலைப் பார்த்துக் காலைப் பாராட்டினாள். தேய்ந்த கட்டையைப் பார்த்து டயரை நினைத்தாள். நான் இரண்டையும் படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கியபோதுதான் தெரிந்தது. எண்ணெய் தடவியதால் மரத்தின் தேய்வு தெளிவாக எழுந்து நின்றது. பாதத்தின் முன்பகுதி பதிந்த பள்ளம். அதன் ஓரத்தில் பெருவிரலுக்குத் தனியாக ஒரு குழி. ஒரு கட்டையில் அந்தக் குழி வலது ஓரத்தில் இருந்தது, மற்றதில் இடது ஓரத்தில். பக்கவாட்டில் ஆணி அடித்த துளைகள்.

சக்கரக் கட்டைக்கு இடது கால், வலது கால் கிடையாது.

கிளட்ச் பெடலின் மேல் ஒன்று, பிரேக் பெடலின் மேல் ஒன்று. எட்டாத காலுக்கு எட்ட வைத்த கட்டைகள். முப்பது வருடமும் அவர் மிதித்தது மரத்தை. ரப்பர் எப்படித் தேயும்?

“என்ன, போனையே முறைச்சிட்டு இருக்கீங்க?” என்றாள் மனைவி.

“ஒண்ணுமில்ல. மீட்டிங்.”

6.

இங்கே கதையை நிறுத்தியிருந்தால் யாருக்கும் கேடில்லை. ஒரு கிழவர், ஒரு பொது இடம், ஒரு சிறிய அவமானம். ஆனால் ‘கியர் மறந்துபோச்சு’ என்று அவர் சொன்ன அந்த வாக்கியம் வீட்டுக்குப் போய் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது.

கொஞ்ச நாளில் மகள் கூப்பிட்டாள். மூத்தவளை ஏலத்தில் விடப்போகிறாள். எங்கள் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வேண்டும். படம் எடுக்க வர முடியுமா?

பட்டறைக்குப் போனேன். பெயின்ட் தின்னர் வாடை. மூத்தவள் உள்ளே நின்றிருந்தாள், முன்சக்கரங்களில் அதே கட்டைகள். அப்பா ஒரு ஸ்டூலில். அவருடைய சட்டைப் பையில் ஒரு சீட்டு எட்டிப் பார்த்தது.

“அது என்னங்கய்யா?”

மகள் பதில் சொன்னாள், குரலைத் தாழ்த்தி. ஆனால் பட்டறையில் தாழ்த்திய குரல் நன்றாகவே கேட்கும். “என் நம்பர் எழுதி வச்சிருக்கேண்ணா. எங்கயாவது போயிட்டு வழி மறந்துட்டா? கியரையே மறந்துட்டாரே. முப்பது வருஷம் போட்ட கியர். டாக்டர்கிட்ட காட்டினேன். அவர் கேட்ட கேள்வில பாதிக்கு அப்பா தெரியலன்னுட்டார். ஸ்கூட்டர் சாவிய வாங்கி வச்சுட்டேன். இந்த வண்டியப் பாத்தா அவருக்கு இன்னும் கஷ்டமா இருக்குமோன்னுதான் வித்துடலாம்னு…” வாக்கியத்தை முடிக்காமல் கண்ணைத் துடைத்தாள். கையில் பெயின்ட், கண்ணுக்குக் கீழே சாம்பல் நிறக் கோடு விழுந்தது.

“கண்ணுல பெயின்டும்மா” என்றார் அப்பா.

“பாத்தீங்களா, இதெல்லாம் நல்லாத்தான் தெரியுது. திடீர்னுதான் மறந்துடுறார்.”

அவள் டீ வாங்கப் போனாள். நான் போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நான் விலைவாசி நிருபர். நேராகக் கேட்டுத்தான் பழக்கம்.

“ஐயா, இது இடது காலு. இது வலது காலு. சரிதானே?”

அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதை நான் எதிர்பார்க்கவில்லை. தன் கால்களை ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிறவர்போல இருந்தது. பிறகு அது போய்விட்டது.

“யார்கிட்ட சொன்னீங்க?”

“யார்கிட்டயும் இல்ல.”

“அழிச்சிடுங்க தம்பி.”

“பொண்ணுகிட்ட சொல்லிடுங்களேன். உங்களுக்கு மறதின்னு நெனச்சு வண்டிய விக்குது. உங்க சாவியப் புடுங்கி வச்சிருக்கு. டாக்டர்கிட்டகூட தெரியலன்னு சொல்லியிருக்கீங்க.”

“மறந்துபோச்சுன்னு சொன்னவன் டாக்டர்கிட்ட மட்டும் எல்லாத்தையும் ஒப்பிச்சா எப்படி? மறக்குறது எல்லாருக்கும் வர்றது தம்பி. அதுல ஒண்ணுமில்ல. எட்டலன்னா அப்படியா? முப்பது வருஷமும் எட்டலன்னு ஆயிடும்ல?”

போனைக் கீழே இறக்கினேன்.

அவரே சொன்னார். முதலாளி ஆளை அளந்து பார்த்துதான் வேலைக்கு எடுப்பார். கிளீனராக இருந்தவர் இவர். டிரைவர் வராத ஒரு நாளில் கட்டையைக் கட்டிக்கொண்டு ஓட்டிக் காட்டினார். கட்டையை யாரும் பார்க்கவில்லை, ஓட்டியதைத்தான் பார்த்தார்கள். அன்றிலிருந்து முதலாளியின் வாசலைத் தாண்டியதும் கட்டுவது, திரும்பும்போது வாசலுக்கு முன்னால் அவிழ்ப்பது. வண்டியை வெளியே எடுக்கவும் உள்ளே நிறுத்தவும் மட்டும் சீட் நுனியில் தொங்கிக்கொண்டு எப்படியோ சமாளிப்பார். மற்ற டிரைவர்கள், “கொஞ்சம் எங்க வண்டியயும் எடுத்து விடுண்ணே” என்றால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

“வீட்ல யாருக்குமே தெரியாதா?”

“பொண்ணோட அம்மாவுக்குத் தெரியும், அவ இருந்த வரைக்கும். டயர் ட்யூப வாரா அறுத்துக் குடுத்ததே அவதான், கட்டைய பெடலோட சேத்துக் கட்ட. வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும், இத்துப்போயிடும். உங்களுக்கு இன்னொரு ஜோடி செருப்பு வாங்குறதா நெனச்சுக்கிறேன்னு சிரிப்பா.” கொஞ்சம் நிறுத்தினார். “பொண்ணு அவளாட்டம் உசரமாப் பொறந்ததுல எனக்கு அவ்வளவு சந்தோஷம்.”

மகள் டீயோடு வரும் சத்தம் கேட்டது. அழித்தேன். அவர் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

“நல்ல மனுஷன் நீங்க” என்றார்.

7.

நல்ல மனுஷன் வீட்டுக்கு வந்து செய்தது: ஆளை மாற்றினால் அவர் மாட்டமாட்டார் என்று கணக்குப் போட்டது. அவரை உயரமாக்கிப் பார்த்தேன். கண்பார்வை கெட்டவராக, தடிமனான கண்ணாடியை ஒளித்து வைத்தவராக. கதை ஓடியது, ஆனால் மகள் கண்ணாடியை எதற்கு முட்டுக்கொடுப்பாள்? லாரியை எடுத்துவிட்டுத் தையல் மிஷின் வைத்தேன். அதற்கும் மிதிபலகை உண்டு. ஆனால் தையல் மிஷின் சரிவில் உருளாது. அவரை மாற்றலாம், மகளை மாற்றலாம், முற்றத்தை மாற்றலாம். [மாற்றியிருக்கிறேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள்.] கட்டைகளை மட்டும் மாற்ற முடியவில்லை. வண்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தவையும் அவைதான், ஓட்டத் தேவைப்பட்டவையும் அவைதான்.

வாரப் பத்திரிகையில் என்னோடு வேலை செய்யும் பிழைதிருத்துநர் இதன் ஒரு பிரதியைப் படித்தார். “அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறதெல்லாம் எடுத்துடுப்பா. கதை தானா நிக்கும்” என்றார். நிற்கும்தான். நிற்பதற்காகத்தானே பெரியவரின் கட்டைகளை மகளும் வைத்தாள்.

ஒரு பிரதியில் பெரியவரை அழ வைத்தேன். அவர் அழவில்லை. அதை எடுத்துவிட்டேன். ஆனால் எழுதும்போது எனக்கு இதமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

8.

ஏலம் அதே முற்றத்தில். ஏலக்காரர் வண்டியின் கூடவே வரும் சாமான்களை மைக்கில் வாசித்தார்: ஜாக்கி, கம்பி, சக்கரக் கட்டை இரண்டு, ‘வண்டியோட பொறந்தது’. பக்கத்தில் நின்ற வங்கி மேலாளர் என் விலாவில் இடித்து, “கேட்டீங்களா, கட்டைகூட ஒரிஜினல்!” என்றார். நான் தலையாட்டினேன்.

சாலையோர ஓட்டல்கள் நடத்தும் ஒருவர் எடுத்தார். வாசலில் நிறுத்தப்போகிறாராம், உள்ளே ஏறிப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்ளலாமாம். மகள் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பாவிடம் வந்தாள்.

“ஞாபகத்துக்கு ஏதாவது எடுத்துக்கிறீங்களாப்பா? கேட்டேன், குடுக்கிறேன்னாங்க. ஹாரன் எடுத்துக்கிறீங்களா?”

“வேணாம்மா.”

“ஸ்டியரிங்ல அந்த மூடி?”

“ஒண்ணும் வேணாம்.” கண் முன்சக்கரத்தில் இருந்தது.

நான் என்ன செய்திருக்கலாம் என்பதையும் சொல்கிறேன். ஓட்டல்காரரிடம் போய், அந்த ரெண்டு கட்டையை மட்டும் எனக்குக் குடுங்க என்று கேட்டிருக்கலாம். எங்கள் கூட்டத்துக்குப் பைத்தியம் என்று பெயர், கொடுத்திருப்பார். ஒரு பையில் போட்டு, பட்டறையில் பெரியவரின் ஸ்டூலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். அல்லது மகளைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்கப்பா எதையும் மறக்கலம்மா” என்று மட்டும் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. கழுத்தில் கேமராவோடு, பார்த்துக்கொண்டு நின்றேன். இது எனக்கு நன்றாக வரும்.

வண்டியை ஏற்றிப் போகும் நீண்ட டிரெய்லர் வந்து, வண்டி ஏறுவதற்கான பின்பலகையை இறக்கியது. ஓட்டல்காரரின் டிரைவர் பெரிய ஆள். மூத்தவளின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, சங்கிலிகளைச் சரிபார்க்கப் போனார். இறக்கிய பலகையே மூத்தவளின் முன்சக்கரங்களுக்கு முட்டாக நின்றது. இனிக் கட்டை தேவையில்லை. அப்பா குனிந்தார். ஒரு கட்டையை உருவினார். அந்தப் பக்கம் போய் இன்னொன்றையும் உருவினார். இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல், வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தார். சின்னச் சின்ன அடிகள். வேகமான அடிகள்.

“அப்பா!”

நின்றார்.

“அது அவங்களோடதுப்பா. வண்டியோட குடுத்தாச்சு.” மகள் ஓடிப்போய், குழந்தையிடம் பேசும் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “மறந்துட்டீங்களா? வச்சிடுங்க.”

ஓட்டல்காரர், “பரவாயில்லம்மா, பெரியவரு தெரியாம…” என்றார். யாரோ இரக்கமாக உச்சுக்கொட்டினார்கள்.

அவர் முகம் சிவந்திருந்தது. திரும்பி வந்தார். சக்கரத்துக்கு முன்னால் வைக்கவில்லை. திறந்திருந்த கதவுக்குக் கீழே, தரையில், பள்ளம் மேலே தெரியும்படி வைத்தார். அருகருகே. இடதை இடப்பக்கம், வலதை வலப்பக்கம். யாரோ செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனதுபோல இருந்தது.

மகள் எடுத்து வைக்கக் குனிந்தாள். அவள் கை ஒரு கட்டையின் மேல் போனது. பெருவிரல் அந்தக் குழிக்குள்

9.

அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியாது. மறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் பார்க்கவில்லை. உண்மையாகவே பார்க்கவில்லை. இத்தனை வருடமாகப் பார்ப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாத நான், அந்த நேரத்தில் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். அவருக்காக என்று சொன்னால் நன்றாக இருக்கும். அவர் என்னைப் பார்த்துவிடுவாரோ என்றுதான்.

எனக்கு எதிரே ரயில் முற்றத்தின் சுவர். அதில் ஓரமாக ஒரு செடி முளைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் பேச்சுச் சத்தம் எதுவும் இல்லை. பிறகு “ட்யூப் ஏதாவது இருக்கா, ட்யூப்?” என்று யாரோ கேட்டார்கள். பெண் குரல் மாதிரி இருந்தது. டிரெய்லர் ஆட்கள் கயிறு, ட்யூப், சங்கிலி என்று எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.

கதவு சாத்தும் சத்தம். எஞ்சின் எழுந்தது. நான் காதை இறுக்கிக்கொண்டு அந்த அலறலுக்குக் காத்திருந்தேன்.

அலறல் வரவில்லை. கியர் விழுந்தது தெரியவே இல்லை. வண்டியின் சுருதி மட்டும் மாறியது. பிறகு இன்னொரு கியர். அதுவும் அப்படித்தான், தண்ணீரில் கல் அமிழ்வதுபோல. மூத்தவள் என் முதுகுக்குப் பின்னால் பலகைச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தாள்.

ஓட்டல்காரரின் டிரைவர் கைதேர்ந்தவர் என்று பிறகு வங்கி மேலாளர் சொன்னார். இருக்கலாம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் யார் தலை தெரிந்தது என்று அவரிடம் கேட்டால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. கேட்டால் எனக்கு ஒரு முடிவு கிடைத்துவிடும். அதை நான் சும்மா வைத்திருக்க மாட்டேன், எழுதிவிடுவேன். இந்த ஒன்றையாவது எழுதாமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி, தெரியாமல் இருப்பதுதான்.

குப்பைப் பெட்டியில் படம் இன்னும் கிடக்கிறது. இதை முடித்ததும் அதையும் காலி செய்துவிடுவேன் என்று எழுதி, அடித்துவிட்டேன்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன். வண்டி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அவரிடம் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. வேண்டுமானால் நீங்கள் திரும்பிப் பார்க்கலாம்.